எருமப்பட்டிப் பக்கம் ஓர் ஏரி, ஒரு வாய்க்கால், ஒரு கைது

இந்தப் பயணம் ஊர் பார்க்கப் போனது அல்ல. ஒரு பெண்ணைத் தடுத்து நிறுத்தப் போனேன். அது நடக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கும், இப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சித்திரை பிறந்த வாரம். சேலத்திலிருந்து பிலோமினா ஆன்ட்டி போன் செய்தார். அவருடைய மகள் ஜெசிந்தா நர்ஸ். சென்னையில் வேலை பார்த்தபோது மகளிர் விடுதியில் இரண்டு வருடம் என் அறைத் தோழி. என்னை விட எட்டு வயது இளையவள், வாய் நிறைய "வித்யாக்கா" என்பாள். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குத் துணையாகச் சேலத்துக்கே போய், அங்கே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள்.

"கண்ணு, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். நாமக்கல் பக்கம் ஏதோ ஏரியாம், வாய்க்காலாம். அங்க போய் கைதாகப் போறேன்னு சொல்லிக்கிட்டே உக்காந்து துணி மடிக்கிறா. ஜெர்மனிக்குப் போற புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? உன் பேச்சைக் கேப்பா."

ஜெர்மனி விஷயம் எனக்குத் தெரியும். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல் அந்த மொழியைப் படித்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். வேலை உறுதி. மீதி இருந்தது போலீஸிடம் வாங்க வேண்டிய நற்சான்று ஒன்றுதான். அதற்கு விண்ணப்பித்துவிட்டு, போலீஸ் கையாலேயே கைதாகப் போகிறேன் என்கிறாள். எனக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து காலை ரயிலில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குச் சேலம் போய்விடலாம். உட்காரும் வகுப்பில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், வார இறுதியில் நிற்கவும் இடம் இருக்காது. வண்டியில் பாதிப் பேர் ஏற்காட்டுக்குப் போகிறவர்கள். ஜங்ஷனில் இறங்கியதும் அவர்கள் மலையைப் பார்த்துத் திரும்ப, நான் வெயிலைப் பார்த்துத் திரும்பினேன். ஆட்டோ ஓட்டுநர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆன்ட்டி வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. முட்டைக் குழம்பு, கீரை, அப்பளம். ஜெசிந்தா ஒரு சின்னப் பையோடு தயாராக இருந்தாள். கை கழுவிவிட்டு வந்ததும் அவளே கேட்டாள்.

"அம்மா வரச் சொன்னாங்களாக்கா?"

"ஆமா."

"அப்ப என்கூட வாங்க. பஸ்ல பேசிக்கலாம். நீங்க சொல்றதை முழுசாக் கேக்கறேன். கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்."

ஆன்ட்டி என் கையைப் பிடித்து அழுத்தினார். "பத்திரமாக் கூட்டிட்டு வந்துடு" என்றார்.

சேலம் புதுப் பேருந்து நிலையத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ் நிறைய இருக்கின்றன. தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நேராகப் போகும் வண்டி என்றால் ஒன்றேகால் மணி நேரம். நாங்கள் ஏறியது ராசிபுரத்துக்குள் போய் வரும் வண்டி, இன்னும் அரை மணி கூடுதல். நேரம் இருந்தால் அதிலேயே போங்கள். ராசிபுரத்தில் வண்டி நிற்கும் இடைவெளியில் நெய் வாங்கலாம். நான் வாங்கினேன். கோபத்தோடு போகும்போதும் எனக்கு நெய் வாங்க மறக்காது.

ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். நல்லது செய்யக் கைதாக வேண்டியதில்லை. மனுக் கொடு, மரம் நடு, எழுது. ஜெர்மனிக்குப் போய்ச் சம்பாதித்துப் பணம் அனுப்பு. அதைவிடப் பெரிய உதவி என்ன? உன் ஒருத்தி பெயர் வழக்கில் சேர்ந்தால் அந்த ஏரி நிரம்பிவிடுமா?

அவள் சொன்னபடியே முழுவதும் கேட்டாள். மல்லூர் தாண்டியிருந்தது.

"போன கோடையில எங்க வார்டுக்கு வெயில் தாங்காம விழுந்தவங்க வந்துக்கிட்டே இருந்தாங்கக்கா. கட்டட வேலை செய்யற ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. தொட்டா அடுப்பு மாதிரி இருந்துச்சு உடம்பு. ஐஸ் வச்சோம், ஈரத்துணி போட்டோம், பொழைச்சுட்டாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது, வெயில்ல வேலைக்குப் போகாதீங்கம்மான்னு சொன்னேன். போகலன்னா சோத்துக்கு எங்க போறதுன்னு அவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் போதும்னு ஆயிடுச்சு."

அதற்குப் பிறகுதான் சேலத்தில் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் ஓர் இளைஞர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். மாலையில் அட்டை பிடித்து நிற்பார்கள், பள்ளிகளில் பேசுவார்கள், மனு எழுதுவார்கள். எருமப்பட்டிப் பக்கம் ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் ஏரிப் பிரச்சினையோடு இவர்களைத் தேடி வந்திருக்கிறார்கள்.

"போன இடத்துலெல்லாம் எங்களைப் பாராட்டினாங்கக்கா. இந்த வயசுல இவ்வளவு அக்கறையான்னு டீ வாங்கிக் குடுத்தாங்க. பாராட்டுறது ரொம்பச் சுலபம். ஒண்ணும் மாறல. நாங்க எதையாவது இழக்கத் தயாரா இருக்கோம்னு தெரிஞ்சாத்தான் எதிர்ல உக்காந்து பேசுவாங்கன்னு தோணுது."

"அந்த இழப்பு உன்னுதாத்தான் இருக்கணுமா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். ராசிபுரம் வந்துவிட்டது.

நாமக்கல்லில் புதுப் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. எருமப்பட்டிப் பக்கம் போகும் டவுன் பஸ் எங்கிருந்து என்று நடத்துநரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குச் சொன்ன இடம் உங்களுக்கு மாறியிருக்கலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிழக்கே போகப் போக இரண்டு பக்கமும் நீளநீளமான கோழிப் பண்ணைகள், நடுநடுவே வெங்காயக் காடுகள், எதிரே நீலமாகக் கொல்லிமலை. பண்ணை வாசனை முதல் பத்து நிமிடம் மூக்கைப் பிடிக்க வைக்கும், பிறகு பழகிவிடும்.

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், வழக்கு நடக்கிறது. எருமப்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் செல்லமுத்து அண்ணன் காத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வெள்ளை வேட்டி, முட்டைப் பண்ணை முதலாளி. ஏரிக்குக் கீழே அவருக்கு நிலமும் இருக்கிறது.

"வாங்க சாமி, வாங்க. பஸ்ஸுல உக்கார இடம் கெடைச்சுதுங்களா? ஊட்டுக்குப் போயி ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் பேசலாமுங்க."

பிரச்சினையை அவர் மோர் குடிக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்தார். மலையடிவாரத்தில் பெய்யும் மழை ஒரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும். வாய்க்கால் குறுக்கே போகும் இடத்தில் ஒரு மனைப் பிரிவு போட்டவர்கள், மனைகளுக்கு வழி விடக் கிராவல் கொட்டி வாய்க்காலை மூடிவிட்டார்கள். முன்பெல்லாம் விட்டு விட்டுப் பெய்ததால் கொஞ்சமாவது ஊறி வந்து சேர்ந்தது. இப்போது மாதக்கணக்கில் பெய்வதில்லை, பெய்தால் ஒரே ராத்திரியில் கொட்டிவிடுகிறது. கொட்டும் நீர் கிராவலில் முட்டி வயலுக்குள் புகுந்து ஓடிப்போகிறது. பதினைந்து வருடமாக ஏரி காய்ந்து கிடக்கிறது. மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். நடவடிக்கை எடுக்கப்படும் என்றே எல்லாவற்றுக்கும் பதில்.

"நீங்க ஏங்க இதுல முன்னாடி நிக்கறீங்க? தொழில் நடத்தறவர். கேஸ் கீஸ்னு வந்தா சிரமம் இல்லையா?" என்று கேட்டேன். அவர் மனைவி சரோஜா உள்ளேயிருந்து, "நானும் அதேதானுங்க கேக்கறேன்" என்றார்.

செல்லமுத்து அண்ணன் காலியாக இருந்த ஒரு கொட்டகையைக் காட்டினார். "போன வருசம் சித்திரை வெயில்ல இந்தக் கொட்டாயில கோழி கொத்துக் கொத்தா விழுந்துச்சுங்க. கூரைக்குத் தண்ணி அடிச்சோம், ஃபேன் போட்டோம், போர்ல தண்ணி நின்னுபோச்சு. கோழி செத்தாப் பொதைச்சுட்டு அடுத்த பேட்ச் விடலாம். ஊருக்கு அடுத்த பேட்ச் விட முடியாதில்லீங்க?"

அந்தக் கொட்டகையிலேதான் மாலையில் பயிற்சி. ஊர்க்காரர்களும் சேலத்துப் பிள்ளைகளுமாக இருபது, இருபத்தைந்து பேர். ஜெசிந்தாதான் நடத்தினாள். நாளைக் காலை மண்வெட்டியோடு போய், வாய்க்கால் மேல் கிடக்கும் கிராவலை வெட்டி எடுப்பார்கள். இன்ன நாள், இன்ன இடம், இன்னார் வருகிறோம் என்று போலீஸுக்கும் அதிகாரிகளுக்கும் முன்னாலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. முகத்தை மூடக் கூடாது. ஓடக் கூடாது. யாரையும் தொடக் கூடாது, திட்டக் கூடாது. போலீஸ் தடுத்தால் உட்கார்ந்துவிட வேண்டும், கைது என்றால் எழுந்து போக வேண்டும். யாராவது குறுக்கே வந்து நின்றால் அந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

எனக்குப் போலீஸ் வேடம் கொடுத்தார்கள். அதட்டச் சொன்னார்கள். "எல்லாரும் கலைஞ்சு போங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு வெங்காயக்காட்டு அம்மா சிரித்த சிரிப்பில் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் ஜெசிந்தா தணிந்த குரலில் சொன்னாள்: "கைதாக விருப்பம் இல்லாதவங்க வெளியே நின்னு உதவலாம். அதுல ஒரு குறையும் இல்லை. யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது."

அந்தப் பேச்சைச் சட்டென்று பிடித்துக்கொண்டேன். அவளைத் தனியாக அழைத்து, "நீயும் வெளியே நில்லேன். போன், மருந்து, தண்ணி எல்லாம் பார்த்துக்க ஆள் வேணும்தானே?" என்றேன்.

"அதுக்கு நீங்க இருக்கீங்களேக்கா" என்றாள்.

ஆக, மறுநாள் காலை என் தோளில் ஒரு பெரிய பை. எல்லோருடைய செல்போன்கள், செல்லமுத்து அண்ணனின் பிரஷர் மாத்திரை, உப்புச்சர்க்கரைக் கரைசல். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றேன். இந்த ஊர்களில் சித்திரையில் வெளியே நிற்க வேண்டுமானால் காலை ஒன்பதுக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கே தரை சுட ஆரம்பித்திருந்தது.

வெட்டத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். மொபெட்டில் ஒருவர் வேகமாக வந்து இறங்கினார். நாற்பது வயது, காக்கி அரைக்கால் சட்டை. பெயர் குமரேசன் என்று பிறகு தெரிந்தது. லாரி ஓட்டுநர், வடநாட்டு லைன் போகிறவர். அந்த மனைப் பிரிவில் ஒரு மனை வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்க, ஆரைக் கேட்டு என்ற வழியை வெட்டறீங்க? இந்த மண்ணை வாங்கறதுக்கு நானு எத்தன ராத்திரி கண்ணு முழிச்சு வண்டி ஓட்டியிருப்பேன்னு தெரியுமா உங்களுக்கு?"

யாரும் பதில் சொல்வதற்குள் வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே இறங்கி நின்றுவிட்டார். எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் தன் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். எல்லோரும் அங்கங்கே உட்கார்ந்தார்கள். சண்டைக்கென்று வந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. வெயில் ஏறியது. ஒரு பெண் தண்ணீர் நீட்டினாள், வேண்டாம் என்றார். கொஞ்சம் கழித்து வாங்கிக் குடித்தார். குடித்த தெம்பில், செல்லமுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, தோண்டிய கிராவலைத் திரும்பப் பள்ளத்துக்குள் தள்ள ஆரம்பித்தார்.

அப்போதுதான் போலீஸ் வேன் வந்தது.

பெண் இன்ஸ்பெக்டர். அதிகம் பேசவில்லை. கலைந்து போகச் சொன்னார், போகவில்லை. கைது என்றார், எல்லோரும் எழுந்து வரிசையாக வேனுக்கு நடந்தார்கள். பள்ளத்தில் மண்வெட்டியும் கையுமாக நின்ற குமரேசனையும் ஒரு காவலர் தோளைத் தட்டி ஏறச் சொன்னார்.

"நானு இவிய ஆளு இல்லீங்க சார்."

"கையில மண்வெட்டி இருக்கே. ஏறுங்க."

"இது மூடறதுக்குங்க."

"எல்லாத்தையும் அங்க வந்து சொல்லுங்க."

வேன் போய்விட்டது. நான் சரோஜா அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் போனேன்.

இந்த மாதிரிக் கைதுகளில் நேராகச் சிறைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பெரும்பாலும் ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விடுவார்கள். இங்கும் அப்படித்தான். முந்தின முகூர்த்தத்தின் தெர்மாகோல் மயில் மேடையில் அப்படியே இருந்தது. மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் என்னை உள்ளே விட்டார்கள். எல்லோரும் பந்திப் பாயில் உட்கார்ந்திருக்க, குமரேசன் மட்டும் மேடை விளிம்பில் தனியாக, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பெயர் எழுத ஆரம்பித்தார்கள். ஜெசிந்தாவின் முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். ஜெர்மனி விஷயமும் எப்படியோ பேச்சில் வந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"இங்க பாரும்மா. எனக்கும் வேலைக்குப் போற பொண்ணு இருக்கா. இதுல பேர் ஏறிடுச்சுன்னா சான்றிதழ் நின்னுடும். நான் இன்னும் எழுதல. வெளியே உங்க அக்காகூடப் போய் நின்னுக்கோ. நான் பார்க்கலன்னு வச்சுக்கறேன்."

அது உண்மையான கருணை. போ, போ என்று மனதுக்குள் சொன்னேன். ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "ரொம்ப நன்றி மேடம். எழுதிக்கங்க" என்று தன் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் சொன்னாள். கதவு எண்ணைச் சொல்லும்போது குரல் தடுமாறியது, திருத்திச் சொன்னாள். வந்து பாயில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

குமரேசனின் விஷயம் விளங்கியதும் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் வாசல்வரை போனார். மொபெட் அங்கே வாய்க்கால் ஓரம் நிற்கிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது. அதற்குள் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள் வந்தன. காவலர் அவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து, இந்த முறை மேடைக்குப் போகாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தார்.

பாதி சாப்பிட்டபின் ஜெசிந்தாவிடம் கேட்டார். "ஏம்மா, அந்த அம்மாதான் உட்டுடறேன்னு சொன்னாங்கல்ல? நீ சேலத்துக்காரி. இந்த ஏரித் தண்ணி உனக்கு ஒரு சொட்டு வரப்போறதில்ல. போயிருக்கலாமில்ல?"

"போயிருந்தா நாளைக்கு உங்ககிட்ட எப்படிண்ணா பேசறது? உங்க வழியை வெட்ட வந்தோம். உங்களுக்கு நஷ்டம், எங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா, அது நியாயமா?"

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு தானாகவே பேசினார். நாக்பூர் தாண்டிச் சித்திரை வெயிலில் கேபினில் உட்கார முடிவதில்லை. எஞ்சின் சூடு கீழே, வெயில் மேலே. போன வருடம் ஸ்டியரிங் மேலேயே மயங்கி, கிளீனர் பிடித்து நிறுத்தியிருக்கிறார். "அதனாலதான் ஊருல ஒரு ஊடு கட்டிட்டு லைனை உட்டரலாம்னு மனை வாங்கினேன். வழியை வெட்டிட்டா நானு எப்படிங்க ஊடு கட்டறது?"

செல்லமுத்து அண்ணன் பொட்டலத்தை வைத்துவிட்டு நகர்ந்து வந்தார். "வழி இருக்கோணும் தம்பி. அடியில தண்ணி போகோணும். பெரிய குழாயாப் போட்டு மேல ரோடு போட்டாப் போதும். மனுவுல அதைத்தான் எழுதியிருக்கறோம்."

"அப்படீன்னா அதை எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே. ஏரிக்காரங்க வந்து மனையையே புடுங்கப் போறாங்கன்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க."

செல்லமுத்து அண்ணன்தான் பேசினார். "அது எங்க தப்புதானுங்க. ஆபீசு ஆபீசா ஏறி எறங்கினோம். மனை வாங்கினவங்க ஊட்டுப் படி ஒண்ணுகூட ஏறல."

குமரேசன் இலையை மடித்தார். "போன மழையில என்ற மனையில முழங்கால் தண்ணி நின்னுச்சுங்க, ஒரு வாரம். அதுவும் இந்த அடைப்பாலதான்னு சொல்றீங்களா?"

"வேற எங்க போகும் அந்தத் தண்ணி?" என்றார் வெங்காயக்காட்டு அம்மா.

சாயங்காலம் எல்லோரையும் விட்டார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது. சேலத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜெசிந்தா என் தோளில் தலை வைத்து நாமக்கல் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். ஆன்ட்டி கதவைத் திறந்தார். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், உள்ளே விட்டார். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் என் போனையும் எடுக்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சான்றிதழ் நின்றுபோயிற்று. ஜெசிந்தாவோடு படித்தவர்கள் ஆனியில் விமானம் ஏறினார்கள், அவள் வழியனுப்பிவிட்டு வந்து மாலை டியூட்டிக்குப் போனாள்.

ஏரிப் பக்கம் நடந்தது இது. கைதுக்கு அடுத்த வாரம் குமரேசன் மனை வாங்கிய இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு செல்லமுத்து அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். குழாய்ப் பாலம் வேண்டும் என்று இரண்டு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டன. கைது நடந்த இடம் என்பதால் அந்த மனு மற்ற மனுக்களோடு சேர்ந்து தூங்கவில்லை. பேச்சு வார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். இழுபறிக்குப் பிறகு ஆடிக் கடைசியில் கிராவலைத் தோண்டிக் குழாய் இறக்கினார்கள்.

ஐப்பசியில் மழை பெய்து ஓய்ந்ததும் நான் மறுபடி போனேன். அதே ரயில், அதே ராசிபுரம் வண்டி. இந்த முறை பிலோமினா ஆன்ட்டியும் கூட வந்தார், அவராகவே. ஜன்னல் ஓர இருக்கையை என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார், அதையே சமாதானமாக எடுத்துக்கொண்டேன். மனைப் பிரிவுச் சாலையில் குமரேசன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தது. அவர் லைனில் இருந்தார், அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். சாலைக்கு அடியில் செம்மண் நிறத்தில் நீர் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கரை ஏறினோம். ஏரி பாதிக்கு மேல் நிறைந்து, மேகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. ஆன்ட்டி வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இருங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. "போகவே மாட்டேன்னு சொல்லல. கேஸ் முடிஞ்சதும் போவேன்." வழக்கறிஞர் சின்ன வழக்குதான் என்கிறார். எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அவளைப் போன்றவர்கள் ஏன் சட்டத்தை மீறுகிறார்கள் என்று யாராவது கேட்டால், விளம்பரத்துக்காக என்று முன்பு நானே சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒளியவில்லை, தண்டனையை மறுக்கவும் இல்லை. அதனாலேயே எதிரில் நிற்பவரும் உட்கார்ந்து பேச முடிகிறது. எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இங்கே முடிந்தது, பாதிக்கு மேல்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இப்படிப்பட்ட போராட்டத்துக்குப் போவதானால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வெளிநாட்டு வேலை, அரசு வேலை எதிர்பார்ப்பவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். முடிவு அதன் பிறகு உங்களுடையது. கைதாகாமல் செய்யும் வேலையும் நிறைய, என் தோள் இரண்டு நாள் வலித்தது. அதைவிட முக்கியம், உங்களால் யாருக்கு இடைஞ்சல் வரப்போகிறதோ அவர் வீட்டுக்கு முதலில் போங்கள்.

ஏரி பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். நாமக்கல்லில் தங்க விடுதிகள் இருக்கின்றன, ஒரு பகல் போதும். எருமப்பட்டியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், கரையில் கடை கிடையாது. கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதை, மழை பெய்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கும் நீர்க்கோழியும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒன்றே ஒன்று, தண்ணீரில் இறங்காதீர்கள். எங்கே எவ்வளவு ஆழம் என்று ஊரில் கேட்டேன், இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கைப் பலகை இன்னும் வைக்கவில்லை. இத்தனை வருடம் அதற்குத் தேவையே இல்லாமல் இருந்தது.